பத்து நாளுக்கென்று வந்தவர்: போக மறுத்த விருந்தினரைச் சட்டப்படி வெளியேற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தமிழ்நாட்டின் ஒரு மாவட்டத் தலைநகரில் 2022 முதல் 2025 வரை நடந்த நிகழ்வு இது. வீட்டின் உரிமையாளரான அம்மையாருக்கு வழக்கறிஞராக இருந்த நான், அவருடைய ஒப்புதலோடு இதைப் பதிவு செய்கிறேன். பெயர், ஊர் எதுவும் இதில் இல்லை. சொந்தக்காரரை வீட்டில் தங்க வைத்துவிட்டு அனுப்ப முடியாமல் தவிக்கும் முதியவர்கள் என்னிடம் அடிக்கடி வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வரும்போதே ஒரு பூட்டை உடைத்திருப்பார்கள், அல்லது உடைக்கலாமா என்று கேட்பார்கள். அவர்களை மனத்தில் வைத்தே இந்த வழக்கின் படிகளை எழுதுகிறேன்.

பின்னணி

அம்மையாருக்கு அப்போது 67 வயது, கணவரை இழந்தவர். மகன் வெளிமாநிலத்தில் வேலையில் இருக்கிறார், மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறார். வீடு 1998இல் அம்மையார் பெயரிலேயே கிரயம் வாங்கிப் பதிவு செய்யப்பட்டது. வீட்டு வரியும் மின் இணைப்பும் அவர் பெயரில்தான் உள்ளன. முன்பக்கம் தெருவைப் பார்த்த ஓர் அறை, நடுவில் கூடம், பின்னால் சமையலறையும் இன்னொரு அறையும் கொண்ட தரைத்தள வீடு.

விருந்தினர், அம்மையாருடைய கணவரின் ஒன்றுவிட்ட தம்பியின் மகன். அம்மையாரைப் பெரியம்மா என்று அழைப்பவர். வயது 41. வேலை போய், இருந்த வாடகை வீட்டையும் காலி செய்த நிலையில் 2022 ஜூன் மாதம் ஒரு பெட்டியோடு வந்தார். "பத்து நாள்ல வேலை கிடைச்சிடும் பெரியம்மா, அப்புறம் போயிடுறேன்" என்று அவர் சொன்னதையும், "அதுக்கென்ன தம்பி, உன் வீடு மாதிரி இரு" என்று தான் சொன்னதையும் அம்மையார் என்னிடம் வார்த்தை மாறாமல் சொன்னார். அன்புக்குச் சொன்ன அந்தச் சொல்லைப் பிற்பாடு எதிர்த்தரப்பு தனக்குச் சாதகமாகப் பயன்படுத்த முயன்றது என்பதால் அதை இங்கே குறிப்பிடுகிறேன். வாடகை பற்றி எந்தப் பேச்சும் நடக்கவில்லை. எப்போதாவது காய்கறி வாங்கி வருவார்; ஒருமுறை தண்ணீர் மோட்டார் பழுதானபோது ரூ. 4,200 கொடுத்துச் சரிசெய்தார்.

கவனிக்கப்பட்டவை

முதல் ஆறு மாதங்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 2023 தொடக்கத்தில் கட்டிலும் பீரோவும் வந்து இறங்கின. பிப்ரவரியில் முன்னறைக் கதவில் அவர் தன் சொந்தப் பூட்டை மாட்டினார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அம்மையார் பெருக்கக்கூடப் போகவில்லை. அதே ஆண்டில் அவர் தம் ஆதார் அட்டையின் முகவரியை இந்த வீட்டுக்கு மாற்றிக்கொண்டதும், வங்கிக் கடிதங்கள் இந்த முகவரிக்கு வரத் தொடங்கியதும் அம்மையாருக்குத் தெரியும். ஆனால் அவற்றுக்கு ஒரு பொருள் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

2023 ஆகஸ்டில் முதன்முறையாக, மகனும் பேரப்பிள்ளைகளும் வந்து தங்க இடம் வேண்டும் என்று சொல்லி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பொங்கல் வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. பொங்கல் முடிந்து கேட்டபோது பேச்சு மாறியது. இந்த முன்னறையைத் தனக்குத் தருவதாகப் பெரியப்பா சாகும் முன் சொல்லியிருக்கிறார் என்றார். இரவில் உரக்கப் பேசுவதும், அம்மையாரைப் பார்க்க வருபவர்களிடம் வாசலில் நின்று விசாரிப்பதும் தொடங்கின.

இந்தக் கட்டத்தில் அம்மையார் செய்த ஒரு காரியம் பின்னால் பெரிதும் உதவியது. பால் கணக்கு எழுதும் கோடு போட்ட நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கங்களில், தேதி போட்டு, நடந்ததை இரண்டு மூன்று வரிகளில் எழுதி வைத்தார். "20.1.24 சனி. காலி பண்ணச் சொன்னேன். பெரியப்பா சொத்து என்றான். சத்தம் போட்டான். பக்கத்து வீட்டு அக்கா வந்தார்கள்" என்பது போன்ற வரிகள். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதியதல்ல. மகனிடம் தொலைபேசியில் சொல்லும்போது தேதி மறந்துவிடுகிறது என்பதற்காகத் தாமே தொடங்கியது.

பூட்டு மாற்றப்படாத நாள்

2024 பிப்ரவரி இறுதியில் மகன் ஊருக்கு வந்தார். விருந்தினர் வெளியூர் போயிருந்த இரண்டு நாட்களில் முன்னறைப் பூட்டை உடைத்து, பொருள்களை வெளியில் வைத்து, வாசல் பூட்டையும் மாற்றிவிடுவது என்பது அவர் திட்டம். புதுப் பூட்டு வாங்கியாகிவிட்டது. "எங்கம்மா வீட்டுக்குள்ள நான் பூட்டு மாத்த யாரைக் கேக்கணும் சார்?" என்று என் அலுவலகத்தில் மேசை மேல் அந்தப் பூட்டை வைத்துவிட்டுத்தான் பேசினார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனாலும் அதைச் செய்ய வேண்டாம் என்று சொன்னேன், காரணத்தையும் விளக்கினேன்.

வழக்கறிஞர்கள் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டம் என்று குறிப்பிடும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, அசையாச் சொத்தின் சுவாதீனத்திலிருந்து, அதாவது அதைக் கைவசம் வைத்திருப்பதிலிருந்து, ஒருவர் அவர் சம்மதமின்றி, சட்ட நடைமுறைக்குப் புறம்பாக வெளியேற்றப்பட்டால், ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அந்தச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. அந்த வழக்கில் சொத்து யாருடையது என்ற கேள்வியை நீதிமன்றம் ஆராயாது. அதில் வரும் தீர்ப்பாணையின் மீது மேல்முறையீடும் கிடையாது. விருந்தினரின் கையில் இருப்பது உண்மையில் சட்டம் மதிக்கும் சுவாதீனம்தானா என்பதில் நமக்கு வலுவான வாதம் இருந்தது. ஆனால் பூட்டை உடைத்துவிட்டால், அந்த வாதத்தை வாதியாக நின்று சொல்ல வேண்டியவர், பிரதிவாதியாக நின்று சொல்ல நேரிடும். உள்ளே பணமும் நகையும் இருந்தன, காணோம் என்று ஒரு குற்றப் புகாரும் கூடவே வரலாம். மின்சாரத்தை நிறுத்துவது, தண்ணீர்க் குழாயை மூடுவது போன்ற யோசனைகளும் அன்று எழுந்தன. அவற்றையும் இதே காரணத்துக்காகக் கைவிட்டோம். நீதிமன்றத்தின் முன் போகும்போது நம் பக்கத்தில் ஒரு முரட்டுச் செயலும் பதிவாகியிருக்கக் கூடாது என்பதே அன்று எடுத்த முடிவு.

அம்மையாரை மகன் தன்னோடு அழைத்துப் போகவும் எண்ணினார். அதையும் தடுத்தேன். அவர் போய்விட்டால் வீடு முழுவதும் விருந்தினரின் கையில் இருக்கும். ஓர் அறையைப் பற்றிய தகராறு முழு வீட்டைப் பற்றியதாக மாறிவிடும். ஆனால் தனியாக இருக்கச் சொல்வதும் சரியில்லை. அம்மையாரின் தங்கை வந்து உடன் தங்கினார். அவசரத்துக்கு 112, முதியோருக்கான உதவி எண் 14567 ஆகிய இரண்டையும் தொலைபேசிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினோம்.

காவல் நிலைய மனுவில் ஒரு சொல்

என்னிடம் வருவதற்கு முந்தைய நாளே மகன் காவல் நிலையத்தில் ஒரு மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதும் வாங்கியிருந்தார். காவலர்கள் விருந்தினரைத் தொலைபேசியில் விசாரித்தார்கள். நான் வாடகைக்கு இருக்கிறேன் என்று அவர் சொன்னதும், இது உரிமையியல் விவகாரம், நீதிமன்றத்துக்குப் போங்கள் என்று முடித்துவிட்டார்கள். முறையாக உள்ளே வந்தவர், அச்சுறுத்தும், அவமதிக்கும் அல்லது தொல்லை தரும் நோக்கத்தோடு சட்டவிரோதமாகத் தொடர்ந்து தங்கினால் அதுவும் குற்ற அத்துமீறலே என்று அப்போது நடப்பிலிருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை 1 முதல் அதே வரையறை பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் இருக்கிறது. என்றாலும், சொந்தக்காரர், இருபது மாதமாகத் தங்கியிருப்பவர், வாடகைதாரர் என்று வாயால் சொல்பவர் என்ற நிலையில் காவல் துறை தலையிடத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குக் கவலை தந்தது மனுவில் இருந்த ஒரு வரி. "கடந்த 20 மாதங்களாக வாடகையும் தராமல் எங்கள் வீட்டில் இருந்துகொண்டு காலி செய்ய மறுக்கிறார்." மகன் சொல்ல வந்தது, சும்மா இருக்க இடம் கொடுத்தோம் என்பது. ஆனால் அந்த வரியைப் படிப்பவருக்கு, வாடகை தர வேண்டியவர் தரவில்லை என்றும் பொருள்படும். வாடகைதாரர் என்று விருந்தினர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்காரர் தரப்பின் முதல் எழுத்துப் பத்திரமே அதற்கு இடம் கொடுத்துவிட்டது. எதிர்பார்த்தது போலவே, ஆறு மாதம் கழித்து, நீதிமன்றத்தில் எங்கள் வழக்குக்கு அவர் எழுத்தில் தந்த பதிலான எதிர்வழக்குரையின் மூன்றாம் பத்தியில் இந்த வரி மேற்கோளாக வந்து நின்றது. மனு மகன் எழுதியது, அம்மையார் கையெழுத்திட்டதல்ல என்ற விளக்கம் நம்மிடம் இருந்தது. இருந்தாலும் "உம்" என்ற ஓர் இடைச்சொல்லுக்காக விளக்கம் சொல்ல வேண்டி வந்தது.

சட்டத்தின் பார்வையில் அவர் யார்

எந்த வழியில் போவது என்பது, வந்தவரின் நிலையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. இடத்தின் மீது எந்த உரிமையும் மாற்றித் தராமல், அங்கே இருக்க மட்டும் ஒருவருக்கு அனுமதி கொடுத்தால், 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைகள் சட்டத்தின் 52ஆம் பிரிவு அதை உரிமம் என்கிறது. விருந்தினரின் நிலை அதுதான். 60ஆம் பிரிவின்படி, கொடுத்தவர் அந்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். அனுமதியை நம்பி, செலவு செய்து, நிலையான கட்டுமானம் ஏதேனும் செய்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. மோட்டார் பழுதுபார்ப்பு அந்த வகையில் வராது. திரும்பப் பெற்ற பிறகு, இடத்தை விட்டுப் போகவும் பொருள்களை எடுத்துக்கொள்ளவும் நியாயமான அவகாசம் கொடுக்க வேண்டும் என்பது 63ஆம் பிரிவு.

உறவினரை இலவசமாகத் தங்க வைப்பதால் அவருக்குச் சொத்தில் உரிமை பிறக்காது என்பதை உச்ச நீதிமன்றம் 2012இல் மரியா மார்கரிடா செக்வேரா ஃபெர்னாண்டஸ் வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கோவாவில் இருந்த ஒரு வீட்டைப் பற்றி சகோதரிக்கும் சகோதரனுக்கும் இடையே நடந்த வழக்கு அது. பல ஆண்டுகள், பத்தாண்டுகள் தங்கியிருந்தாலும், பராமரிப்பவராகவோ இலவசமாகவோ இருந்தவருக்கு அந்த நீண்ட இருப்பினால் மட்டும் எந்த உரிமையும் சேராது என்பது அதன் சாரம்.

பெரியப்பா தருவதாகச் சொன்னார் என்ற வாதம் நிற்காது என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. வீடு பெரியப்பா பெயரில் இருந்ததே இல்லை. அவர் பெயரில் இருந்திருந்தாலும், அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுப்பதற்குப் பதிவு செய்த பத்திரம் வேண்டும். அதனால் எங்கள் கவனம் முழுவதும் வாடகைதாரர் என்ற வாதத்தின் மீதே இருந்தது. அது ஏற்கப்பட்டால் நோட்டீஸ், வழக்கு, நீதிமன்றம் எல்லாமே வேறு பாதையில் போகும்.

மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் சீக்கிரம் முடியாதா என்று மகள் கேட்டார். நல்ல கேள்விதான். அம்மையார் 60 வயது கடந்தவர் என்பதால் அந்தச் சட்டம் அவரைப் பாதுகாக்கிறது. ஆனால் அது பொறுப்பாக்குவது பிள்ளைகளையும், பிள்ளையில்லாத மூத்த குடிமகனின் சொத்தை வாரிசாகப் பெறக்கூடிய உறவினரையும்தான். அம்மையாருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வந்தவரோ அவருடைய வாரிசே அல்ல. இவரைக் கோட்டாட்சியர் தலைமையிலான அந்தத் தீர்ப்பாயத்தின் முன் நிறுத்தினால் அதிகார வரம்பைப் பற்றியே சில மாதங்கள் வாதாட வேண்டி வரும் என்று கணித்து, அந்த வழியை விட்டோம். தங்கியிருப்பவர் மகனாக இருந்திருந்தால் நிச்சயமாக அங்கேதான் முதலில் போயிருப்பேன்.

அறிவிப்பும் வந்து விழுந்த மூவாயிரமும்

2024 மார்ச் 11 அன்று அம்மையார் சார்பில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பினேன். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, வசைச்சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று தீர்மானித்து எழுதியது. 2022 ஜூனில் உறவின் பேரில் தற்காலிகமாகத் தங்க அனுமதித்தது, வாடகையோ முன்பணமோ பேசப்படவும் பெறப்படவும் இல்லை என்பது, அந்த அனுமதி இந்த அறிவிப்பின் மூலம் திரும்பப் பெறப்படுகிறது என்பது, பெற்றுக்கொண்ட நாளிலிருந்து 30 நாள் அவகாசம், மோட்டார் பழுதுக்குச் செலவிட்ட ரூ. 4,200ஐத் திருப்பித் தரத் தயார் என்பது ஆகியவை மட்டும் அதில் இருந்தன. மோட்டார் தொகையைத் தருவதாகச் சொன்னது தாராளத்துக்காக மட்டுமல்ல. செலவு செய்தேன், அதனால் உரிமை உண்டு என்ற பேச்சுக்கு இடம் வைக்காமல் இருக்கவும்தான்.

பதிவுத் தபால் நான்காம் நாள் திரும்பி வந்தது. உறையின் மேல் தபால்காரர் நீல மையில் "பெற மறுத்தார்" என்று எழுதித் தேதியிட்டிருந்தார். சரியான முகவரிக்கு அனுப்பிய தபாலைப் பெற மறுத்தால் அது சார்வு செய்யப்பட்டதாகவே, அதாவது உரியவரிடம் சேர்ந்ததாகவே, நீதிமன்றம் கொள்ளும். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டேன். நகலை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம்; இரண்டு நீலக் குறிகள் விழுந்த திரையைப் படமெடுத்து வைத்தோம்.

தபாலை மறுத்த அதே நாளில் இன்னொன்று நடந்தது. விருந்தினர் தம் கைப்பேசியிலிருந்து அம்மையாரின் வங்கிக் கணக்குக்கு ரூ. 3,000 அனுப்பி, குறிப்பில் "வாடகை மார்ச்" என்று எழுதியிருந்தார். அம்மையார் கணக்கின் குறுஞ்செய்திகள் மகனின் பழைய எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தன. அந்த எண் பயன்பாட்டில் இல்லை. ஏப்ரல் 3 அன்று ஓய்வூதிய வரவைப் பதியப் பாஸ்புத்தகத்தோடு வங்கிக்குப் போனபோதுதான் அந்த வரியை அம்மையார் பார்த்தார். பத்தொன்பது நாள் கடந்துவிட்டது. அன்றே தொகை முழுவதையும் அதே கணக்குக்குத் திருப்பி அனுப்ப வைத்து, "வாடகை என்று தாங்கள் அனுப்பிய தொகை எங்கள் கோரிக்கையோ சம்மதமோ இன்றி அனுப்பப்பட்டது; நமக்குள் வாடகை உறவு எப்போதும் இல்லை; தொகை திருப்பப்பட்டுவிட்டது" என்று கடிதமும் அனுப்பினோம். இருபது மாதமாக ஒரு ரூபாய்கூட அனுப்பாதவர், அறிவிப்பைப் பெற மறுத்த நாளில் முதன்முறையாக வாடகை அனுப்புகிறார் என்பதே பின்னர் எங்களுக்குச் சாதகமான வாதமாயிற்று. ஆனால் அந்தப் பத்தொன்பது நாளை நினைத்தால் எனக்கு இன்றும் நெருடலாக இருக்கிறது. இன்னும் இரண்டு மாதம் கவனிக்காமல் போயிருந்தால் மூன்று "வாடகை" வரவுகள் பாஸ்புத்தகத்தில் ஏறியிருக்கும்.

மார்ச் 20 அன்று உரிமையியல் நீதிமன்றத்தில் கேவியட் மனு தாக்கல் செய்தோம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின்படி அது 90 நாள் நடப்பில் இருக்கும்; அதற்குள் எதிர்த்தரப்பு இடைக்காலத் தடை கேட்டு வந்தால், நமக்குத் தெரிவித்து நம்மையும் கேட்காமல் நீதிமன்றம் உத்தரவிடாது.

பேச்சுவார்த்தையும் அவர் முந்திக்கொண்டதும்

வழக்குக்கு முன் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் சமரச மனு கொடுத்தோம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு அங்கே இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் இருக்கிறது. அதன் உதவி எண் 15100. ஏப்ரல் 8 அன்று முதல் அமர்வுக்கு விருந்தினர் வந்தார். இரண்டு ஆண்டு அவகாசமும் ரூ. 5 லட்சமும் கேட்டார். இரண்டாம் அமர்வுக்கு வரவில்லை. ஏப்ரல் 22 அன்று, தாம் மாதம் ரூ. 3,000 வாடகைக்கு இருப்பவர் என்றும், தம்மை அடியாட்கள் வைத்து வெளியேற்ற முயல்கிறார்கள் என்றும் சொல்லி, அதைத் தடுக்கும் நீதிமன்ற உத்தரவான நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்டு அவரே வழக்குத் தாக்கல் செய்தார்.

கேவியட் இருந்ததால் அவருடைய இடைக்கால மனுவின் நகல் எங்களுக்கு வந்தது. நான்காம் நாள் விசாரணையில், சட்ட நடைமுறையின்படி அல்லாமல் அவரை வெளியேற்ற மாட்டோம் என்று எழுத்தில் ஒரு மெமோ தாக்கல் செய்தோம். அதைப் பதிவு செய்து நீதிமன்றம் அவருடைய மனுவை முடித்து வைத்தது. மகனுக்கு இது தோற்றது போலத் தோன்றியது, "நாமே எழுதிக் கொடுக்கிறதா?" என்று வருத்தப்பட்டார். நாங்கள் விட்டுக்கொடுத்தது, நாங்கள் செய்யப்போவதே இல்லாத ஒரு காரியத்தை மட்டும்தான். பிப்ரவரியில் அந்தப் பூட்டு மாற்றப்பட்டிருந்தால் அன்று அந்த வரியை எழுதிக் கொடுக்கும் நிலையிலேயே நாங்கள் இருந்திருக்க மாட்டோம்.

வழக்கு

கோடை விடுமுறை முடிந்து 2024 ஜூன் 10 அன்று எங்கள் வழக்கைத் தாக்கல் செய்தோம். முன்னறையைக் காலி செய்து ஒப்படைக்கும்படி செயலுறுத்துக் கட்டளை, வீட்டின் மற்றப் பகுதிகளில் தலையிடாமலிருக்க நிரந்தர உறுத்துக்கட்டளை, அனுமதி முடிந்த நாளிலிருந்து உபயோகத்துக்கான நட்டஈடு ஆகியவற்றைக் கேட்டோம். சுவாதீனம் கேட்டு வழக்கிடாமல் செயலுறுத்துக் கட்டளை கேட்டால் நிற்குமா என்ற கேள்வி இத்தகைய வழக்குகளில் எப்போதும் வரும். அனுமதியை ரத்து செய்தபின் தாமதமின்றி வந்தால் அப்படிக் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1985இல் சந்த் லால் ஜெயின் வழக்கில் ஏற்றிருக்கிறது. அறிவிப்பின் அவகாசம் முடிந்த இரண்டு மாதத்துக்குள் நாங்கள் வந்துவிட்டதற்கு இதுவே காரணம். பாதுகாப்புக்காகச் சுவாதீனப் பரிகாரத்தையும் மாற்றாகச் சேர்த்தேன்.

செப்டம்பரில் வந்த எதிர்வழக்குரை இரண்டு வாதங்களை ஒரே மூச்சில் சொன்னது: நான் வாய்மொழி ஒப்பந்தப்படி வாடகைதாரர், அந்த அறை பெரியப்பா எனக்குத் தந்தது. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வாடகைதாரர் என்றால் அம்மையார்தான் உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டதாகிறது. வாடகைதாரரானாலும் உரிமத்தின் பேரில் நுழைந்தவரானாலும், உள்ளே விட்டவரின் உரிமையைப் பிறகு மறுக்கக் கூடாது என்பது இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 122ஆம் பிரிவாக இருக்கும் விதி. தவிர, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதியப்பட வேண்டும். அவரிடம் ஒரு ரசீதுகூட இல்லை. ஆதார் முகவரியை அவர் சான்றாகக் காட்டினார். அங்கே தங்கியிருந்தார் என்பதைத்தான் அது காட்டும். எந்த நிலையில் தங்கினார் என்பதைக் காட்டாது.

இரு வழக்குகளும் சேர்த்து விசாரிக்கப்படும் நிலையில், நவம்பரில் நீதிமன்றம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆம் பிரிவின்படி சமரச மையத்துக்கு அனுப்பியது.

சமரசமும் சாவியும்

மூன்று அமர்வுகள் நடந்தன. முதல் அமர்வில் பழைய ரூ. 5 லட்சம் மறுபடி வந்தது. இரண்டாம் அமர்வில் மத்தியஸ்தர் விருந்தினரைத் தனியாக வைத்துப் பேசினார். என்ன பேசினார் என்பது எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. திரும்பி வந்தபோது அவர் கேட்டது பணம் அல்ல, புதிய வேலையில் மூன்று மாதச் சம்பளம் கைக்கு வரும் வரை அவகாசம். அறையைத் தவிரப் போக்கிடம் இல்லாத பயம்தான் இத்தனை வாதங்களின் அடியில் இருந்திருக்கிறது என்று அன்று எனக்குப் பட்டது. அதனால் அவர் செய்தது சரியென்று ஆகிவிடாது. இரவில் அவர் குரல் உயர்ந்தபோதெல்லாம் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அம்மையார்.

2025 பிப்ரவரியில் சமரசத் தீர்ப்பாணை ஆயிற்று. ஏப்ரல் 30க்குள் காலி செய்வது. தாம் வாடகைதாரர் அல்ல, அனுமதியின் பேரில் தங்கியவர் என்று ஒப்புக்கொள்வது. அவர் வழக்கை வாபஸ் பெறுவது. தவறினால் நாளொன்றுக்கு ரூ. 500 வீதம் செலுத்துவதோடு, நிறைவேற்று மனு மூலம் நீதிமன்ற ஊழியரான அமீனாவைக் கொண்டு சுவாதீனம் எடுக்கச் சம்மதிப்பது. அம்மையார் நட்டஈட்டை விட்டுக்கொடுத்து, மோட்டார் தொகை ரூ. 4,200ஐக் கொடுத்தார். சமரசத்தில் முடிந்ததால் நாங்கள் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைத்தது.

ஏப்ரல் 30 மாலை, கடைசி நாளில்தான் காலி செய்தார். இரு தரப்பு வழக்கறிஞர்களும் இருக்க, அறையில் மிச்சம் என்ன, சுவரில் சேதம் என்ன என்று ஒரு பட்டியல் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள். அவர் சாவியை அம்மையார் கையில் கொடுத்துவிட்டு, "வர்றேன் பெரியம்மா" என்றார். அம்மையார் பதில் சொல்லவில்லை. அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து சாவி வந்த நாள் வரை பதின்மூன்று மாதத்துக்கும் மேல் ஆயிற்று. விசாரணை முழுவதும் நடந்து மேல்முறையீடும் போயிருந்தால் ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பதே விட்டுக்கொடுத்ததற்குக் காரணம். மகனுக்கு இது இன்னும் மனக்குறைதான்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

முதலில் என் தவறு. கட்சிக்காரர் வந்த முதல் நாளே வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது அறிவிப்பு அனுப்புமுன், கணக்கின் செய்திகள் எந்த எண்ணுக்குப் போகின்றன என்று கேட்டுச் சரிசெய்கிறேன். அறிவிப்பிலேயே, எந்தத் தொகை எந்தப் பெயரில் அனுப்பப்பட்டாலும் அது வாடகையாக ஏற்கப்படாது என்று ஒரு வரி சேர்க்கிறேன். ஆணைக்குழுவில் இரண்டாம் அமர்வுக்கு அவர் வராத அன்றே எங்கள் வழக்கைத் தாக்கல் செய்திருக்கலாம். விடுமுறை கழியட்டும் என்று பொறுத்ததில் அவர் முந்திக்கொண்டார்.

அம்மையார் தரப்பில் மாற்றியிருக்கக் கூடியது 2023 ஆகஸ்ட்டில்தான். பொங்கல் வரை என்று கேட்டபோது, சரி என்று வாயால் சொன்னதற்குப் பதிலாக, "நீ கேட்டபடி ஜனவரி வரை இருந்துகொள், அதற்குப் பிறகு அறை எனக்கு வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பி, அவரிடமிருந்து "சரி பெரியம்மா" என்று ஒரு பதில் வாங்கியிருந்தால், வாடகை வாதம் எழுந்திருக்கவே செய்யாது. உறவைக் கெடுக்கும் செய்தி அல்ல அது. தவணை கேட்பவர் அந்த நேரத்தில் பதில் எழுதத் தயங்கவும் மாட்டார். முன்னறையில் பூட்டு விழுந்த அன்றே ஒரு மாற்றுச் சாவி கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வீட்டுக்காரரின் துணிப்பெட்டி ஒன்றாவது அந்த அறையில் இருந்திருந்தால், தனிச் சுவாதீனம் என்ற பேச்சு பலவீனப்பட்டிருக்கும்.

காவல் நிலையத்துக்குப் போவதைத் தவறென்று சொல்லமாட்டேன். மிரட்டல் இருக்கும்போது போகத்தான் வேண்டும். ஆனால் மனுவில் மிரட்டலைத் தேதியோடு எழுத வேண்டும். வாடகை, குடியிருப்பு, பாக்கி போன்ற சொற்கள் அதில் வரக் கூடாது. இப்போது என்னிடம் வருபவர்களிடம் பத்திரத்தைக் கேட்பதற்கு முன், இதுவரை யாரிடமாவது எழுத்தில் ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா என்றுதான் கேட்கிறேன். பெரும்பாலும் சட்டைப் பையிலிருந்து மடித்த சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று வெளியே வருகிறது.